ஏழாவது கல்

ஜனவரி 9, ஞாயிறு

தொரை, இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைச் சட்டை எங்கே என்று கேட்டு என் பிராணனை வாங்க ஆள் இல்லை.

இருந்தவரைக்கும் 'நீங்க' என்றுதான் பேசினேன். 'தொரை' என்பது மனசுக்குள்ளே மட்டும். வாரம் முழுக்கக் கிடங்கு வாசலில் நின்று மூட்டை எண்ணுகிற மனுஷன், ஞாயிறு ஆனால் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி என்று கிளம்பினால் வேறு என்ன பேர் வைப்பது? இனிமேல் நீ, வா, போதான். பிடிக்கவில்லை என்றால் எழுந்து வந்து சொல்.

கிடங்கில் வருஷா வருஷம் கொடுக்கிற டைரி இது. நீ ஒன்றிலாவது ஒரு எழுத்து எழுதினாயா? இந்த வருஷத்து டைரியை நீ போன பிறகு கொண்டுவந்து கொடுத்தார்கள். வீணாக்குவானேன் என்று எடுத்தேன். நாலாங்கிளாஸ் எழுத்து. பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜனவரி 12, புதன்

ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனை பிடிக்கிறவள் இன்று லீவு. தனியாகவே மடித்தேன். ஒன்றும் நேராக வரவில்லை.

ஜனவரி 16, ஞாயிறு

தையல்காரர் வந்தார். கிரிக்கெட் கிளப் செயலாளர் என்பதை நடையிலேயே காட்டுவாரே, அப்படியே வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் கழுத்தில் டேப்.

"அண்ணி, கிளப்புக்கு நாப்பது வருஷம் ஆகுது. மலர் ஒண்ணு போடுறோம். அண்ணனைப் பத்தி ரெண்டு பக்கம். நீங்க சொல்லுங்க, நான் அழகா எழுதிக்கிறேன்."

நான் என்ன சொல்ல. கிளப் வரலாறு முழுக்க என் வாளியில் ஊறிய வரலாறு. ஐஸ் பேக்டரிக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டிக் கிடந்த பொட்டலில் ஆரம்பித்தார்கள். பந்து வாய்க்காலில் விழுந்தால் ஆட்டம் நிற்கும், எடுத்துத் துடைத்து என் கணக்கில் சேறாக வந்து சேரும். முதல் மூன்று சீசன் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. நாலாவது சீசனில் ஜெயித்தார்கள், எதிர் அணியின் பஸ் வழியில் நின்றுவிட்டதால். அன்றைக்கு என்ன ஆர்ப்பாட்டம்! மழைக் காலத்தில் ஆட்டம் கிடையாது. ஆனால் பிட்ச்சில் விரிக்கிற நார்ப் பாய் சுருட்டிக் கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிடும். நாலு மாசம் சுவரோரம் படுத்துக் கிடக்கும். வீட்டில் குழந்தை இல்லாத குறையை அதுதான் தீர்த்தது, காலைத் தட்டிவிடுவதற்கு.

இதையெல்லாம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டதைப் படித்துக் காட்டினார். "தன்னலமற்ற தொண்டர், தலைசிறந்த ஆட்டக்காரர்."

"தையல்காரரே, அவரைப் பதினோராவதாத்தானே இறக்குவீங்க?"

"அது அப்போ அண்ணி. இது மலர்."

ஜனவரி 17, திங்கள்

பாயை எடுத்துப் போகச் சொன்னேன், எடுத்துப் போனார்கள். வீடு பெரிதாகிவிட்டது. நன்றாயில்லை.

ஜனவரி 23, ஞாயிறு

தம்பியைக் கடைத்தெருவில் பார்த்தேன். தோளில் குழாய், கையில் ஸ்பேனர். "சாப்பிட்டியாக்கா?" என்றான். "வீட்டுக்கு வாயேன்டா" என்றேன். "வரேன் வரேன்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டான். எத்தனை வருஷமாக வந்துகொண்டே இருக்கிறான்.

நீ போன அன்றைக்கும் வந்தான். கேட்டுக்கு உள்ளே வரவில்லை. செருப்புகளோடு செருப்பாக வெளியே நின்றுவிட்டுப் போனான்.

எல்லாம் அந்த ஒரு ஃபைனலால். நாற்பது வருஷத்தில் கிளப் ஆடியது ஒரே ஒரு ஃபைனல். நீதான் அம்பயர். இந்த லீக்கில் பேட்டிங் செய்கிற அணியே அம்பயர் கொடுக்க வேண்டுமாம். மற்ற கிளப்பில் எல்லாம் அம்பயருக்குத் தன் ஆள் ஆடும்போது விரல் தூக்க வராது, மரத்துப் போய்விடும். உனக்கு மட்டும் வந்தது. எதிர் அணிக்காரர்கள் உன்னை ரொம்பப் பாராட்டுவார்கள். பாராட்ட மாட்டார்களா பின்னே?

அன்றைக்குத் தம்பி ஆடிக்கொண்டிருந்தான். அவன்தான் கிளப்புக்குத் தூண். இன்னும் கொஞ்சம் ஓட்டம் எடுத்தால் கோப்பை. பந்து அவன் காலில் பட்டது. எல்.பி. அவுட் என்று நீ விரலைத் தூக்கினாய். தம்பி நகரவில்லை. "மாமா, ஓவர் முடிஞ்சு போச்சு. ஆறு பந்து ஆயிடுச்சு. இது ஏழாவது!"

நீ கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினாயாம். ஆறு கூழாங்கல் வைத்து எண்ணுவாயே. ஒரு பந்துக்கு ஒரு கல் இடப் பையிலிருந்து வலப் பைக்குப் போகும். இடப் பை காலியானால் ஓவர் முடிந்தது. "இன்னும் ஒரு கல்லு பாக்கி இருந்துச்சு மாப்ளே. மனுஷன் பொய் சொல்லுவான், கல்லு பொய் சொல்லாது. வெளிய போ."

ஸ்கோர் எழுதிய தையல்காரரைக் கேட்டார்கள். அவர் கை தட்டுவதற்காகப் பேனாவைக் கீழே வைத்திருந்தாராம்.

தோற்றார்கள். தம்பி அன்றைக்குக் கிளப்பை விட்டான். நம் வீட்டையும் விட்டான். நீங்கள் இரண்டு பேரும் ரோஷக்காரர்கள், சரி. நடுவில் நான் எந்த அணி? என்னை யார் கேட்டீர்கள்?

இப்போது எனக்கென்று இருப்பது அவன் ஒருத்தன். அவன் இந்த வாசற்படி தாண்டி உள்ளே வந்து உட்கார வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

ஜனவரி 27, வியாழன்

தையல்காரர் வழியில் பிடித்துக்கொண்டார். உன் நினைவாக ஒரு ஆட்டமாம், கிளப்புக்குள்ளேயே இரண்டு அணியாகப் பிரிந்து. உன் அம்பயர் கோட்டைத் துவைத்துத் தர வேண்டுமாம். செத்த பிறகும் உன் துணி எனக்குத்தான்.

கோட்டை எடுத்தேன். சலவைக்காரி எந்தத் துணியானாலும் முதலில் பையைத்தான் பார்ப்பாள். இந்தக் கோட்டுக்கு மட்டும் அந்த வேலை இருந்ததில்லை. நீயே கல்லை எல்லாம் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத்தான் தருவாய். நான் என்றைக்கு அதை எண்ணினேன்?

இன்றைக்குப் பையிலேயே கிடந்தது. எடுத்து எண்ணினேன். ஏழு.

திரும்ப எண்ணினேன். எனக்கு எழுத்துதான் தடுமாறும், எண்ணிக்கை தடுமாறாது. ஏழு.

எல்லாம் கிடங்கு வாசல் கூழாங்கல். ஒரே நிறம், ஒரே வழவழப்பு. எது பழசு, எது பிறகு வந்தது, ஒன்றும் தெரியவில்லை. தொலைந்தால் இருக்கட்டும் என்று பிறகு ஒன்று சேர்த்து வைத்தாயா? இல்லை, அன்றைக்கே — ஐயோ, அன்றைக்கே ஏழு இருந்துச்சா? அந்தப் புள்ள சொன்னது நிசமா?

ஜனவரி 28, வெள்ளி

சலவைக் கூடத்தில் ஒரு மூட்டைத் துணியை எண்ணாமலே வார்டுக்கு அனுப்பிவிட்டேன். மேஸ்திரி சத்தம் போட்டார். போடட்டும்.

ஜனவரி 30, ஞாயிறு

தையல்காரரிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "அம்பயர் தப்பா எண்ணி ஏழு பந்து போடவிட்டு, ஏழாவதுல ஒருத்தன் அவுட்டானா என்ன கணக்கு?"

மனுஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அண்ணி, அம்பயர் எண்ணினதுதான் ஓவர். ஏழானாலும் அவுட்டுன்னா அவுட்டுதான். அதான் சட்டம்."

"அப்போ ஆறா ஏழான்னு சண்டை போட்டதெல்லாம்?"

"வெட்டிச் சண்டை!"

"இதை அப்பவே என் தம்பிகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அப்போ நான் சட்டம் படிக்கலை அண்ணி."

செயலாளராகி எத்தனை காலம் கழித்துப் படித்தாரோ. வீட்டில் ஒரு டம்ளர் டீ மிச்சமிருந்தது, அதையும் குடித்துவிட்டுப் போனார்.

போகும்போது இன்னொன்று சொன்னார். நினைவு ஆட்டத்துக்குத் தம்பியைக் கூப்பிட்டாராம். முட்டி போய்விட்டது, தொட்டிக்கு அடியில் மண்டிபோட்டே தேய்ந்துவிட்டது, ஆட முடியாது என்றானாம். "வேணும்னா அம்பயரா நிக்கிறேன். எப்படி எண்ணணும்னு எல்லாருக்கும் காட்டுறேன்" என்றானாம்.

உன் கோட்டைத்தான் போடுவான்.

பிப்ரவரி 6, ஞாயிறு

கோட்டைத் துவைத்தாயிற்று. கல் மேஜைமேல் கிடக்கிறது. ஒன்றை எடுத்து வாய்க்காலில் எறிந்துவிட்டால் ஆறு. உன் பேரும் கெடாது, மலரில் போட்ட பொய்யும் அப்படியே இருக்கும். தம்பி மட்டும் பொய்யன். அவன் கேட்டுக்கு வெளியேதான் நிற்பான்.

ஏழையும் காட்டினால் நீ பொய்யன். இருக்கிறவனுக்காகப் போனவனை விட்டுக்கொடுத்தாள் என்று ஆகும்.

உனக்கென்ன, நிம்மதியாகப் படுத்துவிட்டாய்.

பிப்ரவரி 12, சனி

இஸ்திரி போட்டுக் கோட்டை மடித்தேன். ஏழு கல்லையும் இடப் பையிலேயே போட்டேன். என் வாயால் உன்னைச் சொல்ல மாட்டேன் தொரை. அவனே கைவிட்டுப் பார்க்கட்டும்.

பிப்ரவரி 13, ஞாயிறு

எல்லாரும் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். கிளப் தலைவர், அதான் பல் டாக்டர், பேசினார். "இவர் மட்டை பிடித்தால் மைதானமே அதிரும்" என்றார். அதிர்ந்தது நிஜம்தான், சிரிப்பில்.

தம்பி வந்தான். கோட்டை நீட்டினேன். மாட்டினான். பட்டன் சேரவில்லை, உன்னைவிடத் தொந்தி. பையில் கைவிடுவான், எண்ணுவான், என் முகத்தைப் பார்ப்பான் என்று நின்றேன். கடன்காரன், பையை வெளியிலிருந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்துவிட்டான். அப்படியே உன்னை மாதிரி.

தையல்காரர்தான் முதலில் ஆட வந்தார். டேப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் டீ கெட்டிலுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினேன். ஆறாவது பந்தும் ஆயிற்று. தம்பி ஓவர் என்று சொல்லவில்லை. ஏழாவது பந்து. தையல்காரர் காலில் 'டப்'.

எல்லாரும் கத்தினார்கள். தம்பி விரலைத் தூக்கினான்.

"யோவ்! ஏழு பந்துய்யா! ஓவர் முடிஞ்சு போச்சு!"

"ஒரு கல்லு பாக்கி இருந்துச்சு."

"எண்ணத் தெரியுமாய்யா உனக்கு? எல்லாரையும் கேளு!"

"கல்லு பொய் சொல்லாது தையலு. வெளிய போ."

உன் குரல் தொரை. இழுப்பு முதற்கொண்டு உன் குரல்.

தையல்காரர் மட்டையை எறிந்தார். செயலாளர் பதவியையும் எறிந்தார். நேராக என்னிடம் வந்து டேப்பைப் பிடுங்கிக்கொண்டார்.

"அம்பயர் எண்ணினதுதான் ஓவர்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"அது சட்டம் அண்ணி. இது அநியாயம்!"

அங்கே தம்பி வலப் பையிலிருந்து கல்லை எல்லாம் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் மைதானத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தான். நான் கெட்டிலைப் பார்த்தேன்.

டீ நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா. ஏழு இருக்கு."

"ம்."

"எப்பவுமே ஏழா?"

"எனக்குத் தெரியாதுடா. பையில இருந்தது அவ்வளவுதான். எனக்குக் கிடைச்சதை உனக்குக் குடுத்தேன்."

சிரிக்க ஆரம்பித்தான். தோள் குலுங்கிச் சிரித்தான். பிறகு தொப்பியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டான். தோள் மட்டும் நிற்கவில்லை. நான் முதுகில் கை வைத்தேன்.

"மனுஷன் உசுரோட இருந்திருந்தா மூஞ்சிக்கு நேரா எண்ணிக் காட்டியிருப்பேன்க்கா."

"தையல்காரரைத் திரும்பக் கூப்பிடேன். பாவம்."

"எதுக்கு? கால்லதான் பட்டுச்சு. நல்லா பார்த்தேன். சரியான அவுட்டு." டீயை ஒரு வாய் குடித்தான். "எனக்கும் அன்னிக்குக் கால்லதான் பட்டுச்சு."

இத்தனை வருஷம் கழித்து. டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொல்கிறான்.

பிப்ரவரி 16, புதன்

தையல்காரர் தெருவில் என்னைப் பார்த்து அந்தப் பக்கம் போனார். மலரில் தம்பி படத்தை எடுத்துவிட்டாராம். அம்பயர் என்ற வார்த்தை வருகிற இடத்தில் எல்லாம் பேனாவால் கோடு போட்டிருக்கிறாராம். உன் இரண்டு பக்கத்தில் இப்போது மிஞ்சியது தலைசிறந்த ஆட்டக்காரர் மட்டும்தான்.

பிப்ரவரி 20, ஞாயிறு

தம்பி வந்தான். படி தாண்டி உள்ளே வந்தான். பாய் கிடந்த இடத்தில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தான். "குழாய் சொட்டுதேக்கா, என்கிட்ட சொல்ல மாட்டியா?" என்று எழுந்தான். எத்தனை வருஷமாய்ச் சொட்டுகிறது என்று நான் சொல்லவில்லை. முட்டி வலிக்க வலிக்க மண்டிபோட்டு மாற்றினான். இப்போது சத்தமில்லை. அதற்கும் பழக வேண்டும்.

சாப்பிட்டான். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அடுத்த வாரத்திலிருந்து அவன்தான் அம்பயராம், வேறு யாரும் கோட்டைத் தொடப் பயப்படுகிறார்களாம். துவைக்கக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். போகிற முன்னால் பையிலிருந்து கல்லை எல்லாம் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆறை ஒரு வரிசையாக வைத்தான். ஒன்றை மட்டும் தள்ளி வைத்தான். "இது மாமாவோடது. இங்கயே இருக்கட்டும்" என்றான்.

அவன் போன பிறகு அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கிடங்கில் இத்தனை வருஷத்தில் ஒரு மூட்டை தவறவிடாத ஆள் நீ. ஃபைனலைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எழுந்து பல் தேய்க்கப் போய்விடுவாய், சாயங்காலமானாலும்.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சொல் தொரை, பையில் ஏழு இருந்தது உனக்குத் தெரியுமா?