நாலாம் மாடிக்கும் கேட்க வேண்டும்

ஆகஸ்ட் 30, செவ்வாய்

நிசிம் மாமாவுக்கு முன்பல் போய்விட்டது, அதனால் இந்த யூதப் புத்தாண்டுக்கு நம் ஜெபக்கூடத்தில் ஆட்டுக்கடாக் கொம்பு ஊதப்போவது நான், நானேதான், யினோன்!!!

பாவம், மாமாவின் பல்லுக்காக வருத்தப்பட வேண்டும். நாளைக்கு வருத்தப்படுகிறேன்.

ஜெபக்கூடப் பொறுப்பாளர் பிரோஸ்பேர் மாமா காலைத் தொழுகை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நெட்ல பாத்துக் கத்துக்கிட்டியாமே? எங்க, ஒண்ணு ஊது." ஊதினேன். சுவரில் பல்லி ஓடியது. "சத்தம் இருக்கு. மூச்சு இல்ல. இன்னும் ஒரு மாசம் கிடக்கு, பழகு" என்றார். என் யூடியூப் சேனலில் நூற்றுப்பத்து பேர் பின்தொடர்கிறார்கள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. பணிவு!

செப்டம்பர் 6

மொட்டை மாடியில் பயிற்சி. எங்கள் ஊர் திமோனாவின் பாலைவன வெயிலில் கொம்பே சுட்டது. நீண்ட ஊதல் நன்றாக வருகிறது. விட்டுவிட்டு அழுகிற மாதிரி வருவதுதான் நடுவில் இருமிவிடுகிறது.

கீழே நாலாம் மாடி பால்கனியில் அர்மான் அண்ணன், லாரி ஓட்டுபவர். சரக்கு இறக்கும்போது விழுந்து, காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டு. எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது, ஆகவே மனிதர் வீட்டோடு சிறை. அங்கிருந்தே கத்தினார்: "டேய் யினோன்! கழுதைக்கு வயித்து வலியாடா?"

"பயிற்சிண்ணே!"

"அதுக்கா உனக்கா?"

செப்டம்பர் 8

காய்ச்சல் மாதிரி இருந்தது, மாடிக்குப் போகவில்லை. படியேறிய என் அக்கா ஹோதயாவைத் தன் வாசலிலிருந்தே கூப்பிட்டு அர்மான் அண்ணன் கேட்டாராம்: "இன்னைக்கு ஏன் கழுதை கத்தல?"

செப்டம்பர் 15

ஹோதயா பிசியோதெரபி படிக்கிறாள். அர்மான் அண்ணன் காலைப் பார்க்கப் போய்விட்டு முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு வந்தாள்.

"புத்தாண்டன்னைக்கு ஜன்னலத் திறந்து வெச்சா ஜெபக்கூடத்துக் கொம்பு இங்க கேக்குமான்னு கேட்டாருடா. கேக்காதுன்னேன். சரி விடுன்னு டிவிய சத்தமா வெச்சுட்டாரு."

அவர் ஒரு வருடமாக ஜெபக்கூடத்துப் பக்கமே வருவதில்லை. போன வருடம் ஏசி சண்டை. பிரோஸ்பேர் மாமா பதினெட்டில் வைப்பார், இவர் இருபத்தைந்து கேட்பார். கடைசியில் தொழுகைப் புத்தகத்தை மூடிவிட்டு, "குளிர்ல நடுங்குறதுக்கு நான் மீனா?" என்று எழுந்து போனவர்தான். ஜெபக்கூட வாட்ஸப் குழுவிலிருந்தும் அன்றே வெளியேறினார்.

புத்தாண்டில் கொம்பொலி கேட்பது எங்கள் ஒவ்வொருவருக்கும் கடமை; அவர் அதைக் கேட்காமலே புத்தாண்டு போய்விடுமா? நான் வீட்டிலேயே ஊதித் தருகிறேன்! இதில் என்ன கஷ்டம்?

"யாருகிட்டயும் சொல்லாதே, அவர் மானஸ்தன்" என்றாள் அக்கா.

செப்டம்பர் 16

கஷ்டம் இருக்கிறது.

நெட்டில் தேடினேன். ஒருவன் எழுதியிருக்கிறான்: தன் கடமையை முடித்துவிட்டவன் இன்னொருவனுக்காக ஆசிமொழி சொல்லி ஊத முடியாது. கீழே எவ்வளவு லைக்! அப்படியென்றால், ஜெபக்கூடத்தில் ஊதினால் என் கடமை அங்கேயே முடிந்துவிடும். பிறகு அர்மான் அண்ணனுக்கு நான் வெறும் சத்தம்தான்.

ஐயோ. ஒன்று அந்த மேடை. இல்லையென்றால் நாலாம் மாடி.

எங்கள் மதகுரு ரப்பியிடம் கேட்கலாம். கேட்டால் யாருக்காக என்பார். அந்த வாய் பூட்டுப் போட்ட வாய் இல்லை.

செப்டம்பர் 21

சொல்லிவிட்டேன். இரண்டு நாள் புத்தாண்டில் முதல் நாள் நான் ஊதவில்லை, உதடு வெடித்துவிட்டது என்று. பிரோஸ்பேர் மாமா என் உதட்டையே பார்த்தார். "எங்கடா வெடிச்சிருக்கு?"

"உள்பக்கம்."

நிசிம் மாமா தற்காலிகப் பல்லோடு ஊதுகிறாராம். நான் வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஒரு மாசம்! பல்லி எல்லாம் ஓடிச்சே!

செப்டம்பர் 25, ஞாயிறு

அம்மா விளக்கேற்றக் கூப்பிடுகிறாள். பண்டிகையில் எழுதக்கூடாது, இனி இரண்டு நாள் பேனா தொட முடியாது. ஆண்டு இனிக்கத் தேனில் தொட்ட ஆப்பிள்.

செப்டம்பர் 27, செவ்வாய், பண்டிகை முடிந்த மாலை

எழுத வேண்டியது எவ்வளவு இருக்கிறது!

முதல் நாள். கொம்பு ஊதும் நேரம் வந்ததும் நான் நழுவி வெளியே வந்தேன். பின்பக்கப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டேன். ஒரு ஊதல்கூட உள்ளே போகக்கூடாது. போனால் கடமை முடிந்துவிடும்!

பிரோஸ்பேர் மாமாவுக்கு ஒரு வழக்கம். ஊதுவதற்கு முன் வெளியே அரட்டையடிப்பவர்களை எல்லாம் ஆடு ஓட்டுகிற மாதிரி உள்ளே ஓட்டுவார். என் தோளில் கை விழுந்தது.

"உள்ள கொம்பு ஊதப்போறாங்க, நீ இங்க காதைப் பொத்திட்டு உக்காந்திருக்கியா? பைத்தியமாடா உனக்கு?"

உளறிக் கொட்டிவிட்டேன். அர்மான் அண்ணன், ஜன்னல், கடமை, லைக், எல்லாம்.

"எவன்டா சொன்னான்?"

"நெட்ல..."

"உன் நெட்டுல இடி விழ! நீ கேட்டு முடிச்சாலும் ஆசி சொல்லி அவனுக்கு ஊதலாம்டா. நம்மள்ல ஒருத்தன் கேக்காம இருந்தா மத்தவனுக்கும் கடமை தீரலன்னுதானே அர்த்தம்? அவன் கேக்காத வரைக்கும் நீயும் கேட்டு முடிக்கல, நானும்..."

அங்கேயே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி. அப்புறம் என் காதைப் பிடித்து, "வா உள்ள" என்றார். குரல் மாறியிருந்தது.

நிசிம் மாமாவின் ஊதல் பல்லிடுக்கில் விசிலடித்தது. ஆனாலும் அழகு.

தொழுகை முடிந்ததும் கொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பின்னால் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். பிரோஸ்பேர் மாமா! அந்தத் தொப்பையோடு நாலு மாடி! ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, "லிஃப்ட் வெக்காதவன் கை விளங்காம போக" என்று ஒரு சாபம், உடனே "புத்தாண்டு, புத்தாண்டு" என்று வாயில் ஓர் அடி.

முன்னமே அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த அக்கா கதவைத் திறந்தாள். அர்மான் அண்ணன் எங்களைப் பார்த்தார்.

"ஏசி ரிமோட் கொண்டாந்திருக்கியா?"

"உன் வீட்டு ஏசிய நீ என்ன வேணா பண்ணு" என்றார் பிரோஸ்பேர் மாமா. மூச்சு வாங்கிவிட்டு, "ஒரு வருஷமா உன் இடத்துல யாரையும் உக்கார விடல நான். தெரியுமா?" என்றார்.

அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மாவுக்கட்டுக் காலோடு எழுந்து நின்றார்.

நான் ஆசிமொழி சொன்னேன். மூவரும் ஆமென் என்றார்கள். அடுத்து எந்த ஊதல் என்று பக்கத்தில் நின்று மெல்லச் சொல்லித் தருவது பிரோஸ்பேர் மாமாவின் வேலை; ஜெபக்கூடத்தில் செய்வது போலவே இங்கேயும் செய்தார். ஓரிடத்தில் கொம்பு காற்றாகப் போனது. "திரும்ப" என்றார், கோபமில்லாமல். திரும்ப ஊதினேன். கடைசி நீண்ட ஊதலில் அலமாரிக் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன.

அர்மான் அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "கழுதைக்கு வயித்து வலி சரியாயிடுச்சு."

இரண்டாம் நாள் ஜெபக்கூடத்தில் ஊதினேன்! நானேதான்! முடிந்ததும் நாலாம் மாடிக்குக் கிளம்பினால் பின்னால் அரை ஜெபக்கூடமே படியேறி வருகிறது, மாதுளம்பழத் தட்டோடு.

செப்டம்பர் 29, வியாழன்

பிரோஸ்பேர் மாமா என்னிடம் போனைத் தந்தார். "நீதானே இதுல புலி. குழுவுல எழுது." எழுதினேன். அதை இங்கேயும் ஒட்டி வைக்கிறேன்:

"அடுத்து கூடாரப் பண்டிகை வருது. படியிறங்க முடியாதவங்க, ஆஸ்பத்திரியில இருக்கிறவங்க, கோவிச்சுக்கிட்டு வராதவங்க, யாரா இருந்தாலும், கையில பிடிச்சு ஆசி சொல்ற குருத்தோலையும் எலுமிச்சையும் வீட்டுக்கே கொண்டுவர்றோம். உங்க பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்க. பேரை இங்க போடுங்க. எல்லாருக்கும் அனுப்புங்க."

அதையே குழு லிங்க்கோடு அர்மான் அண்ணனுக்கும் அனுப்பினேன். உடனே, "அர்மான் புஸ்கிலா குழுவில் சேர்ந்தார்" என்று வந்தது. கீழே அவருடைய முதல் செய்தி:

"ரெண்டாம் மாடி ஷிமோன். கண்ணு ஆபரேஷன். கூச்சப்படுறான், நான் கேட்டுட்டேன். அடுத்தது யாரு? சொல்லுங்கப்பா."