சத்து மாத்திரை என்று சொல்லாதே

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் அண்ணன் வீட்டார் எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அவ்வாறே என்று வழக்கமாக நானே எழுதி முடித்துவிடுவேன். இந்தத் தடவை கை அந்த வரிக்குப் போகவில்லை, அதை நீ எழுது.

முதலில் நம் பிள்ளைகளின் செய்தி. அண்ணனின் பெரியவள் பல் டாக்டர் படிப்பில் தேறிவிட்டாள், இனி என் வாயில் மிச்சம் இருக்கிற பற்கள் அவள் பொறுப்பு. சின்னவன் பள்ளிகளுக்குள் நடந்த நீச்சல் போட்டியில் இரண்டாவதாக வந்தான், முதலில் வந்த பையன் இவனைவிட ஒரு முழம் உயரமாம், ஆகையால் நம் கணக்கில் இவன்தான் முதல். உன் தங்கை பெற்ற குண்டுமணி பள்ளி மேடையில் ஏறிப் பேசினான், பாதியில் மறந்துபோய் கொஞ்சமும் அசராமல் முதலிலிருந்து ஆரம்பித்தானாம், அதற்குத்தான் கைதட்டல் அதிகம். உன் மகள் கணக்கில் வகுப்புக்கே முதலாவது. இதையெல்லாம் தெருமுனை வரை சொல்லியாயிற்று, மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாத மனிதருக்கும் சொல்லிவிட்டேன், அவர் பாவம் இருமல் மருந்து வாங்க வந்தவர்.

கணக்கு மார்க்கைச் சொல்லத்தான் உன் மகள் போன் செய்தாள். பேசி முடித்து வைக்கப் போகும்போது, "பாட்டி, அம்மா வேலையிலேருந்து வந்தாலும் வீட்டுக்குள்ள வர மாட்டேங்கறாங்க, கார்லயே உட்கார்ந்திருக்காங்க, நான் போய்க் கண்ணாடியைத் தட்டணும்" என்றாள். அழுகிறாயாம், கேட்டால் கண்ணில் தூசி என்கிறாயாம். சாப்பிட்டால் வாந்தி, சாப்பிடாவிட்டால் மயக்கம் என்றும் சொன்னாள். குழந்தை அதை ஏதோ புகார் சொல்கிற மாதிரிதான் சொன்னாள், நான் அப்படியே துணிக்கூடை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் மாப்பிள்ளை போனை வாங்கினார். அவருக்கு ஒரே சந்தோஷம். உடம்பு குறைக்கிற ஊசி நன்றாக வேலை செய்கிறதாம், பழைய சுடிதாரெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறதாம், "உங்க பொண்ணைப் பார்த்தா அடையாளமே தெரியாது அத்தை" என்றார். பெற்றவளிடம் சொல்கிற வார்த்தையா அது. நான் மெல்ல வாந்தியைப் பற்றிக் கேட்டேன். அதைச் சொன்னபோது ஊசி போடுகிற இடத்தில் இருக்கிற நர்ஸ் வேறென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டாளாம். நீ வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டு, சத்து மாத்திரை மட்டும்தான் என்று சொல்லிவிட்டாராம். அவர் எப்போதும் அப்படித்தானே, ஓட்டலில் எனக்குப் பசிக்கிறதா என்று கேட்டாலும் அவர்தான் பதில் சொல்வார். வயிற்றில் எதுவும் தங்கவில்லை என்றால் சத்து மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள் என்று நர்ஸ் சொன்னாளாம். அதனால் உன் டப்பாவை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், உன் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டாராம். எவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறேன் பாருங்கள் என்கிற மாதிரி சொன்னார் மனிதர்.

அது சத்து மாத்திரை இல்லை என்று இந்த உலகத்தில் உனக்கும் எனக்கும் அதை எழுதிக் கொடுத்த டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். போன லீவில் நீ வந்திருந்தபோது குழந்தை அது என்ன மாத்திரை என்று கேட்டாள், நீ சத்து மாத்திரை என்றாய், அன்றிலிருந்து உங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். அவள் தூங்கியபிறகுதான் என்னிடம் சொன்னாய், காரணமே இல்லாமல் பயம் வருகிறது, ஆபீஸ் லிப்டில் ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, அதற்காக எடுக்கிறேன் என்று. "அவர்கிட்ட சொல்லிடாதேம்மா, எனக்குப் புத்தி சரியில்லைன்னு நினைச்சுடுவார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். நானும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த மாத்திரை சாப்பிட ஆரம்பித்தபிறகு நீ நிம்மதியாகத் தூங்கினதை நான் கண்ணால் பார்த்தவள். அதைப் போய் மேல்தட்டில் ஏற்றிவிட்டாரே, நீயும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாயே, அதுதான் எனக்குப் புரியவில்லை. எட்டவில்லை என்றால் ஸ்டூல் போட்டு எடுக்கத் தெரியாதவளா நீ.

இதைப் போனில் பேச முடியவில்லை. உன் வீட்டுப் போன் எப்போதும் சமையல் மேடைமேல் ஸ்பீக்கரில்தான் கிடக்கிறது. நான் மாத்திரை என்று ஆரம்பித்ததுமே "அம்மா, எல்லாரும் இங்கதான் இருக்கோம்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், பரீட்சை சரியாக எழுதாத அன்றைக்கும் அப்படித்தான் சிரிப்பாய். நீ வைத்த டம்ளர் மேடைமேல் தடதடவென்று ஆடிய சத்தமும் எனக்குக் கேட்டது. அதனால்தான் கடிதம். எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனின் மகள் லீவு முடிந்து நாளை உன் ஊருக்குத் திரும்புகிறாள், உன் ஆபீசுக்கே வந்து உன் கையிலேயே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். ஒட்டின கவரை அவள் பிரிக்க மாட்டாள், நல்ல பெண்.

சும்மா பயந்துகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. நம் தெரு லேடி டாக்டரிடம் போனேன். அப்பாவுக்குப் பிரஷர் பார்க்கப் போகிற சாக்கில் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே போய், ஒரு சொந்தக்காரப் பெண் இப்படி இப்படி என்று சொன்னேன். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கிட்டத்துச் சொந்தமா தூரத்துச் சொந்தமா என்று கேட்டார். தூரம்தான், பிளேனில்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அதற்குமேல் அவர் சுற்றி வளைக்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நிதானமாகப் படி. ஊசியும் இந்த மாத்திரையும் சேர்த்து எடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களாம், அது தப்பில்லையாம். ஆனால் ஊசி கொடுக்கிறவருக்கு மாத்திரை தெரிய வேண்டும், மாத்திரை கொடுத்தவருக்கு ஊசி தெரிய வேண்டும். அந்த ஊசியால் வயிறு மெதுவாகத்தான் காலியாகுமாம், வாந்தியும் வந்தால் மாத்திரை உள்ளே தங்கியதா இல்லையா என்றே தெரியாது. "மனசுக்குப் போடற மாத்திரையை ஒரேயடியா நிறுத்தக் கூடாதும்மா, தலை சுத்தும், கை நடுங்கும், அழுகை வரும், அடங்கியிருந்த பயம் திரும்பி வரும்" என்றார். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றேன், உன் மகள் சொன்னதை அந்த அம்மா பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி சொல்கிறார். கிளம்பும்போது கையைப் பிடித்து நிறுத்தி, "அந்தப் பொண்ணுகிட்ட நேராவே கேளுங்க, உயிரோட இருக்க வேணாம்னு தோணுதான்னு. கேட்டா தப்பில்ல" என்றார்.

ஆகவே கேட்கிறேன். அப்படி ஏதாவது தோன்றுகிறதா கண்ணு? தோன்றினால் கடிதத்தை மடித்து வைக்காதே, அந்த நிமிஷமே பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல். காரை நீ ஓட்டாதே. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றாலும் அதேதான். அப்படி எதுவும் இல்லை என்றால் எனக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் இருந்தாலும் பரவாயில்லை, இல்லைம்மா என்று மட்டும் சொல், எதற்கு இல்லை என்று யாருக்கும் தெரியப் போவதில்லை.

அடுத்த ஊசி ஞாயிற்றுக்கிழமை, அதில் மருந்தைக் கூட்டப் போகிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். அதற்கு முன்னால் இரண்டு டாக்டரிடமும் நீ பேசியாக வேண்டும். மாத்திரையை மறுபடி எப்படி ஆரம்பிப்பது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும், நீயாக எடுத்து இரண்டிரண்டாகப் போட்டுக்கொள்ளாதே. வாய் வரவில்லை என்றால் டப்பாவை அவர்கள் மேஜைமேல் வை, அதன்மேல் அதன் சொந்தப் பெயர் இருக்கிறது. ஐந்தாவது படித்த நானே அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன், அவர்களுக்குப் படிக்கத் தெரியாதா. ஊசியை நான் குறை சொல்லவில்லை, உன் முழங்கால் வலிக்கும் சர்க்கரைக்கும் டாக்டர் பார்த்துக் கொடுத்தது, நன்றாக இருக்கட்டும். இளைத்துவிட்டாய் என்று ஆபீசில் எல்லோரும் பாராட்டுகிறார்களாம், பாராட்டட்டும், அவர்கள் யாரும் உன் கார்க் கண்ணாடியைத் தட்டினவர்கள் இல்லை.

மாப்பிள்ளையிடம் நீயே சொல்லிவிட்டால் நல்லது. அவர் அவசரக்காரர், டப்பாவின் மேல் எழுதியிருப்பதைக்கூடப் படித்திருக்க மாட்டார், ஆனால் கெட்டவர் இல்லை. ஞாயிறு காலைக்குள் உன்னிடமிருந்து எனக்குப் பேச்சு வரவில்லை என்றால் நானே அவரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வேன். கொடுத்த வாக்கு போகும், நீ என்னோடு பேசாமலும் இருப்பாய். பேசாமல் இரு, ஆனால் இரு. எல்லோருடைய பெருமையையும் சொல்லித் திரிகிறவள் நான், மாத்திரை சாப்பிடுகிற மகள் என்றால் அந்தப் பெருமையில் ஒரு குண்டூசி அளவுகூடக் குறையாது, இதை நீ நம்ப வேண்டும்.

அப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது, பக்கத்து அறையில் செய்தி பார்த்துக்கொண்டு, இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறாய் என்று கேட்கிறார், பல் டாக்டரைப் பற்றி என்று சொல்லியிருக்கிறேன். நீ நெடுங்காலம் நல்லபடியாக, பயம் இல்லாமல், பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டு வாழ வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகவாவது சாப்பிடு, தண்ணீர் குடி, கண்ணுக்குத் தூக்கம் கொடு.

இன்னொன்று. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பாதே, அதில் முகத்தை வழவழவென்று மெழுகிவிடுகிறார்கள், எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு இருந்தால் இருக்கட்டும், எலும்பு தெரிந்தால் தெரியட்டும், இருக்கிறபடி எடு. போட்டோவின் பின்பக்கம் உன் கையெழுத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுது, "சொல்லிட்டேன்" என்று. அதைப் படிக்கிற வரைக்கும் வாசலில் தபால்காரருக்காக நிற்கிற,

உன் அம்மா