நான்காம் தொட்டியின் பலகை

நேற்று அமிலக் கொட்டகைக்கு வெள்ளையடித்தார்கள். மூலையில் இருந்த இரும்பு அலமாரியை நகர்த்தியபோது, அதன் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது அந்தத் தகரப் பலகை. தூசியைத் துடைத்துப் படித்தேன். "நான்காம் தொட்டி. நைட்ரிக் அமிலம்: வலிமையானது. ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்: பலவீனமானது." வாசகம் என்னுடையது. 'பலவீனமானது' என்ற சொல்லின் குறுக்கே ஆணியால் ஆழமாக இழுத்த கோடு உன்னுடையது.

நீ போய் ஒன்றரை ஆண்டாகிறது. உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே தொழிற்சாலை, கும்மிடிப்பூண்டியிலிருந்து மீஞ்சூர் வரை ஒரே ரயில், எதிரெதிர் ஜன்னல் என்று இருபது ஆண்டுகளைக் கழித்த இருவருக்கு அதற்குத் தேவை இருக்கவில்லை.

எஃகுத் தகடுகளின்மேல் கருகிப் படிந்த செதிலை அமிலத்தில் ஊறவைத்துக் கழற்றுவது உன் வேலை. தொட்டியில் அமிலத்தின் வீரியம் எவ்வளவு மிச்சம் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து சொல்வது என் வேலை. நான் அளந்து முடிப்பதற்குள், தகட்டின் நிறத்தைப் பார்த்தே நீ சொல்லிவிடுவாய். "கெமிஸ்டே, நாலாவது தொட்டி தூங்கிக்கினு கீது. உன் சீட்டு வர்றதுக்குள்ள தகடு பேரன் பேத்தி எடுத்துடும்."

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பழவேற்காட்டிலிருந்து சிப்பி ஓடுகள் கொண்டுவந்திருந்தாய். உன் அண்ணன்மார் இன்னும் ஏரியில் வலை வீசுகிறவர்கள். விடுமுறை நாளில் நீயும் அவர்களோடு உட்கார்ந்து வலை பின்னுவாய். இரண்டு பிளாஸ்டிக் குவளைகளை எடுத்தேன். ஒன்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், மற்றதில் வினிகர், இரண்டும் ஒரே செறிவுக்கு நீர்த்தவை. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு ஓட்டைப் போட்டோம். முதல் குவளை சீறிப் பொங்கியது. இரண்டாவதில் சோம்பலாகச் சில குமிழிகள் எழுந்தன.

"இது ரவுடி. அது கவர்மெண்ட் ஆபீசு" என்றாய்.

மறுநாள் மாலை பார்த்தோம். இரண்டு குவளைகளிலும் ஓடு இல்லை. உனக்கு அது பெரிய வியப்பு. நான் விளக்கினேன். வலிய அமிலம் தண்ணீரில் விழுந்த மாத்திரத்தில் தன்னிடமுள்ள ஹைட்ரஜனை எல்லாம் அயனியாக விட்டுவிடும். வலிமையற்ற அமிலம் கொஞ்சத்தை மட்டும் விட்டு மற்றதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். விட்டது செலவாகச் செலவாக, பிடித்ததிலிருந்து மீண்டும் கொஞ்சம் விடும். வேகம்தான் வேறு, மொத்தக் கையிருப்பு ஒன்றுதான்.

"அப்ப வீக்குன்னா சோம்பேறி. அவ்ளோதானே?"

அவ்வளவுதான் என்றேன். சொன்னது பிழையில்லை என்ற மகிழ்ச்சியிலேயே அந்த வாரம் பலகையை எழுதச் செய்தேன். ஒவ்வொரு சொல்லும் பாடநூல்படி சரி. ஆனால் உங்களுக்கெல்லாம் பலவீனமான அமிலம் என்றால் வினிகர் என்று கற்பித்தவன் நான். அதே சொல்லை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தின் பெயருக்கு எதிரே எழுதியவனும் நான். இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார் என்று யோசிக்கத் தவறியதற்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

பலகை ஏறி ஒரு மாதம் இருக்கும். முற்பகலில், கேனிலிருந்து நான்காம் தொட்டிக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஊற்றும்போது உன் வலக் கையுறையில் ஓட்டை இருந்திருக்கிறது. ஆள்காட்டி விரல் நனைந்தது. வலி இல்லை. குழாயில் கழுவிவிட்டு ஷிஃப்ட் முடியும்வரை வேலை பார்த்தாய். மாலை ரயிலில் கவரைப்பேட்டை தாண்டும்போது விரலை உதறிக்கொண்டே இருந்தாய். பொன்னேரி நெருங்கும்போது துண்டைப் பல்லில் கடித்திருந்தாய்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லபா. காலைல நாலாவது தொட்டி ஆசிட் கொஞ்சம் பட்டுது. தண்ணி மாதிரிதான் இருந்துது, கழுவிட்டேன். இப்ப உள்ள யாரோ ஆணி அடிக்கிற மாதிரி கீது."

விரல் நுனி வெளுத்திருந்தது. அந்த அமிலம் தன் ஹைட்ரஜனை விடாமல் பிடித்திருப்பதால்தான் முழுமையாக, சத்தமில்லாமல் தோலுக்குள் இறங்குகிறது. உள்ளே போன பிறகு எலும்பின் சுண்ணாம்புச் சத்தைத் தேடிப் பிடிக்கிறது. அதன் பலவீனம்தான் அதன் ஆபத்து.

"ஏன்டா உடனே என்னைக் கூப்பிடல?" என்று கத்தினேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

நீ துண்டை வாயிலிருந்து எடுத்து, கோபமே இல்லாமல் சொன்னாய். "வீக்குன்னு நீதானே எய்தி வச்ச. படிச்சவன் எய்துனா கரீட்டா இருக்கும்னு வுட்டுட்டேன்."

பொன்னேரியில் இறங்கி மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த மருத்துவர் இளம்பெண். இத்தகைய காயத்தைப் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அவருக்கு இருந்தது. நான் சொன்னதைக் கேட்டு, நூலைப் புரட்டி உறுதிசெய்துகொண்டு, கால்சியம் மாத்திரைகளைப் பொடித்துக் களிம்பில் குழைத்து, ரப்பர் கையுறைக்குள் நிரப்பி உன் கையை அதற்குள் நுழைத்தார். பிறகு விரலில் ஊசியும் போட்டார். வலி தணியத் தொடங்கியதும் நீ முதலில் கேட்டது, "வலை பின்ன முடியுமா டாக்டர்?" என்பதுதான். விரல் பிழைத்தது. நகம் மட்டும் திரும்ப முளைக்கவில்லை.

எட்டாம் நாள் விசாரணை. மேலாளர் அறிக்கையை எனக்கு எதிரே நகர்த்தினார். 'பலவீனமான அமிலம், ஊழியரின் கவனக்குறைவு, சிகிச்சைக் காலம் சொந்த விடுப்பில் கழிக்கப்படும்.' நீ கையில் கட்டோடு கதவருகே நின்றாய். உனக்கு நாற்காலி போடச் சொல்லவும் அவருக்குத் தோன்றவில்லை.

"போர்டுல நீங்களே வீக்குன்னு போட்டிருக்கீங்களே சார். சைன் பண்ணுங்க" என்றார்.

அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். விசாரணைக்கு முந்தைய நாள் மாலை இரண்டு வட்டக் கண்ணாடிச் சில்லுகளை எடுத்து, ஒன்றை வலிய ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டியின் வாய்மேலும், மற்றதை அந்தப் பலவீனமான அமிலத்தின் கேன்மேலும் கவிழ்த்து வைத்திருந்தேன். இரண்டையும் கழுவிக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். முதலாவது பளிச்சென்று இருந்தது. இரண்டாவதன் நடுவில் ஒரு வட்டம், கண்புரை விழுந்ததுபோல வெளுத்துக் குருடாகியிருந்தது.

"துடைத்துப் பாருங்கள்" என்றேன்.

கைக்குட்டையால் தேய்த்தார். போகவில்லை.

"கண்ணாடியைத் தின்ற அடையாளம் துடைத்தால் போகாது. இது பலவீனமானதன் வேலை, ஆவி மட்டும் பட்டது. உங்கள் மூக்குக் கண்ணாடியையும் ஒரு ராத்திரி கொடுங்கள், காலையில் தருகிறேன். பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசலாம். பலகை என் பிழை. அதை அறிக்கையில் என் பெயரோடு எழுதுங்கள். அவர் பெயரை எடுங்கள்."

குரலை உயர்த்தவில்லை. அவருடைய கை தானாக எழுந்து மூக்குக் கண்ணாடியைத் தொட்டது. கதவருகே நீ இருமலாக மாற்றப் பார்த்த சிரிப்பு எனக்குக் கேட்டது.

வேலைக்காயம் என்று அறிக்கை மாறியது. சம்பளத்தோடு விடுப்பு வந்தது. எனக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தார்கள், அது நியாயம். ஒவ்வொரு தொட்டியருகிலும் கால்சியம் களிம்பு வைக்க வேண்டும் என்று மாதந்தோறும் மனுப்போட்டேன். எத்தனையோ மனுக்களுக்குப் பிறகு வைத்தார்கள். என் கோபமும் ஒருவேளை வினிகர் இனம்தான். ஒரே நாளில் பொங்கித் தீரவில்லை. செலவாகச் செலவாக ஊறிவந்தது. அந்த மேலாளர் சால்வை போர்த்திக்கொண்டு ஓய்வு பெற்ற நாளில் நான் கைதட்டவில்லை. இன்றும் தட்டமாட்டேன்.

ஆனாலும் நிறைவாகத்தான் இருக்கிறேன். அதன்பின் பதினோரு ஆண்டுகள் நீ எதிர் ஜன்னலில் உட்கார்ந்து, நகமில்லாத விரலை நீட்டி ஊரையே கிண்டல் செய்தாய். வலை பின்னினாய். உன்னைக் கொண்டுபோனது நெஞ்சுவலி, தொழிற்சாலை அல்ல.

பழைய பலகையை வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். குருடான கண்ணாடிச் சில்லு என் ரயில் பையில் இருக்கிறது, மீஞ்சூர் வரும்வரை கட்டைவிரல் அதன் சொரசொரப்பைத் தேடிக்கொண்டிருக்கும். நான்காம் தொட்டியில் இருப்பது, விடுப்பு முடிந்து வந்த அன்று, பழையதில் ஆணியால் கோடு இழுத்துவிட்டு நீ சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்ட பலகை. வலிமை, பலவீனம் என்ற பேச்சே அதில் இல்லை. வெள்ளையடிக்கும்போது அதைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லி, காகிதம் ஒட்டி மூடவைத்தேன். இன்று காலை காகிதத்தை நானே உரித்தேன். கீழே உன் குரல் அப்படியே இருந்தது.

"மேல பட்டுச்சா? வலிக்கலன்னு ஊட்டுக்குப் போவாத. கழுவு, களிம்பு தடவு, கெமிஸ்ட்ட கூப்டு."