கதவின் மேல் ஆடியவள்

நியூயார்க், நவம்பர் 1889

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் மூத்த மகள் ஹனோரா எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டுக்காரர் மலாக்கியும் நல்ல சுகம். அயர்லாந்தில் குளிர் தொடங்கியிருக்கும். நீயும் தங்கை டீலியாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதிரியாரைக் கொண்டு நீ எழுதிய கடிதம் வந்தது. "கூத்தாடியா போனவ எனக்கு மகளே இல்ல, டீலியாவையும் அங்க அனுப்பமாட்டேன்" என்றாயாம். உன் கோபம் எனக்குத் தெரியாதா? நடந்ததை முழுக்கக் கேள். பாதிரியார் நடுவில் செருமினால் விடாதே, மேலே படிக்கச் சொல்.

இங்கே தெருவுக்குத் தெரு பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி எழுப்புகிறார்கள். மலாக்கிக்குச் செங்கல் சுமக்கும் வேலை. எனக்குப் பகலில் சலவைக்கூடம், மாலையில் நாடகக் கொட்டகை. கொட்டகை முதலாளி என் கையில் ஒரு கிழிசல் பாவாடையையும் பன்றிக்குட்டியையும் கொடுத்தான். "ஐரிஷ்காரின்னா இப்படித்தான் வரணும். குடிச்ச மாதிரி தள்ளாடு, ஜனம் சிரிக்கும்" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பன்னியை நீயே தூக்கிட்டு ஆடு" என்றேன். "சரி, உன் இஷ்டப்படி ஒரு தடவை ஆடு. ஜனம் கூச்சல் போட்டா நீ வெளியே" என்றான்.

நான் கப்பலேறுமுன் நடந்தது நினைவிருக்கிறதா? அமெரிக்கா போகிறவள் செத்தவள்தான் என்று ஊரே கூடி எனக்கு ஒப்பாரி வைத்தது. நீதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மண்தரையில் காலடித் தாளம் கேட்காதென்று வாசற்கதவைக் கழற்றிக் கீழே போடச் சொல்லி, அதன் மேல் என்னோடு ஆடினாய்.

மலாக்கி இடிக்கிற வீட்டிலிருந்து ஒரு கதவைச் சுமந்து வந்து மேடையில் போட்டார். கோயிலுக்குப் போகும் என் கறுப்புப் பாவாடையோடு, நீ வைத்த அதே காலடிகளை வைத்தேன். கொட்டகையில் சத்தமே இல்லை. நான் நிறுத்தாமல் ஆடினேன். அப்போது மேல்வரிசையில் ஒரு கிழவர் நம் மொழியில், "யாரு பெத்த பொண்ணும்மா நீ?" என்று கத்தினார். "கிளேர் சீமை சபீனாவோட மக!" என்று நானும் ஆடிக்கொண்டே கத்தினேன். அம்மா, கொட்டகையே எழுந்து நின்றது! ஜெர்மன்காரர், இத்தாலிக்காரர் எல்லோரும் காலால் தாளம் போட்டார்கள். இப்போது தெருச் சுவரெல்லாம் என் பெயர். பன்றிக்குட்டி போன இடம் தெரியவில்லை.

இதற்கா வெட்கப்படுகிறாய்? அங்கே ஆடியது உன் ஆட்டம். டீலியாவை வசந்தத்தில் அனுப்பு, அம்மா. அவள் புறப்படும்போதும் கதவைக் கழற்றிப் போட்டு ஆடு. ஒப்பாரி மட்டும் வேண்டாம். நாங்கள் சாகவில்லை.

நீ மகளில்லை என்று சொன்னாலும்
உன் மகளேதான்,
ஹனோரா