இரண்டு எர்த்துக் குழி

இதை யார் கையில் எடுத்தாலும் தயவுசெய்து இங்கேயே மூடிவிடுங்கள். அம்மாவிடம் காட்ட வேண்டாம். மாமாவிடம் கண்டிப்பாக வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். யூனிஃபார்ம் காயவில்லை. கணக்கு வீட்டுப்பாடம் பாதி.

அப்பாவின் ஆம்ப்ளியைத் தொட்டுவிட்டேன். மஸ்கட்டிலிருந்து அவர் சுமந்து வந்தது. அவர் ஊரில் இல்லாதபோது யாரும் தொடக்கூடாது. லேப்டாப் பாட்டை அதில் கேட்கலாமே என்று ஒரு ஒயரைச் செருகினேன். பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். லேப்டாப்பில் குறைத்தால் பாட்டுதான் குறைகிறது. இரைச்சல் அப்படியே.

அம்மா கேட்டுவிட்டாள். "கெடுத்துப் போட்டியாட்டி? வெள்ளிக்கிழம அப்பா வந்து கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? அதுக்குள்ள செரியாகல்லன்னா லேப்டாப்பு மாமா கடைக்குப் போவும். அங்க பில்லு போடவாவது ஆவும்."

பயம். நெத்திலிக் குழம்பு இருந்தும் சோறு இறங்கவில்லை.

ஜூன் 4, புதன்

மழை விட்டது. காற்று மட்டும்.

மாமா வந்தார். அம்மாவின் தம்பி, தேங்காய்ப்பட்டணத்தில் கடை. ஆம்ப்ளியை மோந்து பார்த்துவிட்டு, "உப்புக் காத்தாக்கும். பின்னெல்லாம் பூத்துப் போச்சு" என்றார். இந்த ஊரில் எது கெட்டாலும் உப்புக் காத்துதான். ஃபேன், ஜன்னல் கம்பி, என் சைக்கிள். பக்கத்து வீட்டு அண்ணனின் கல்யாணம் நின்றபோதுகூட யாரோ அதையே சொன்னார்கள்.

நானும் நம்பி எல்லாப் பின்களையும் துடைத்தேன். பளபளப்பு. இரைச்சல் போகவில்லை.

பிறகு சும்மா லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன். சட்டென்று அமைதி. செருகினேன், ம்ம்ம். பிடுங்கினேன், இல்லை. அப்படியானால் ஆம்ப்ளி கெடவில்லை. ஆனால் பேட்டரி பழசு. சார்ஜர் இல்லாவிட்டால் ஒரு பாட்டு முடியும் முன் அணைந்துவிடும்.

மாமாவுக்குப் போன் செய்தேன். "அப்போ லேசுல்லா மக்கா. சார்ஜருல உள்ள அந்தத் தடிச்ச பின்ன முறிச்சுக் களஞ்சிரு. எர்த்துதானே, அது சும்மா கெடக்கது."

சும்மா கிடப்பது இல்லை. போன மழையில் கிரைண்டர் அம்மாவைத் தூக்கி அடித்தது. எர்த்து விட்டுப்போனதுதான் காரணம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். "மாட்டேன் மாமா" என்றேன். அவரிடம் அப்படிச் சொன்னது இதுவே முதல் தடவை.

ஜூன் 5, வியாழன்

பேனா தொலைந்தது. வகுப்பில் ஒன்றும் ஏறவில்லை. தலை முழுக்க எர்த்து.

பஸ்ஸில் வரும்போது திடீரென்று உப்பு ஞாபகம். புது அறை கட்டும்போது கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த்து இறக்கினார்கள். உப்பு மூட்டையை உருட்டிக்கொண்டு போனது நான்தான். வீட்டின் பழைய பகுதிக்கான குழி முன்பக்கம், கிணற்றடியில்.

அப்படியானால் எங்கள் வீட்டுக்கு இரண்டு எர்த்து.

ஆம்ப்ளி, ஹால் பிளக்கில். பழைய குழி. ஹாலில் வேறு பிளக் இல்லாததால் சார்ஜரைப் புது அறையில் மாட்டி ஒயரை இழுத்திருந்தேன். புதுக் குழி. இரண்டையும் சேர்த்துக் கட்டியது என் பாட்டு ஒயர். இரண்டு குழிக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அது வழியாக ஓடி இரைகிறது.

நிறைய பிளக் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியை ஹால் பிளக்கில் மாட்டி, ஆம்ப்ளியையும் சார்ஜரையும் அதிலேயே செருகினேன். இரண்டுக்கும் ஒரே குழி. கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

ஒன்றுமில்லை. பாட்டுப் போடாமல் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்தும் அந்த 'ம்ம்ம்' இல்லை.

அடுக்களையிலிருந்து அம்மா: "ஏட்டி, ஆஃப் ஆக்கிட்டியா?"

"இல்லம்மா. ஓடிட்டுத்தான் கெடக்கு."

"பொறவு ஏன் சத்தமே இல்ல?"

இன்னொரு தடவை கேட்கமாட்டாளா என்றிருந்தது. நான் செய்தது. ஒரு பின்னையும் முறிக்காமல்.

ஜூன் 6, வெள்ளி

அப்பா வந்தாச்சு. பேரீச்சம்பழம், சோப்பு, எனக்குப் பேனாக்கள். மெலிந்திருக்கிறார்.

மாமாவும் சாப்பிட வந்தார். "ஆம்ப்ளி இரஞ்சுட்டுக் கெடந்து அத்தான். உப்புக் காத்து. நான் பின்னத் தொடைக்கச் சொன்னேன், செரியாச்சு." அம்மா என்னைப் பார்த்தாள். நான் சோற்றைப் பார்த்தேன். நான் சரிசெய்ததைச் சொன்னால் தொட்டதையும் சொல்ல வேண்டும். உள்ளுக்குள் மட்டும் ஒரு சிரிப்பு.

இப்போது ஹாலில் மாமா போட்ட லேப்டாப் பாட்டு ஓடுகிறது. சுத்தமாக. கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன்.

மாமாவின் குரல்: "இந்தப் பெட்டி காலுல தட்டுகு. சார்ஜரப் புது ரூமுல மாட்டுகேன்."

ஐயோ. ம்ம்ம்ம்.

அப்பா: "என்ன மாப்ள, உப்புக் காத்து இப்பதான் உள்ள வந்துதோ?"

அம்மா மெதுவாக ஏதோ சொல்கிறாள். என் பேர் கேட்கிறது. பாட்டு நின்றது. காலடிச் சத்தம்.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. "மக்கா, ஒறங்கிட்டியா? அந்தச் சத்தத்த நிப்பாட்டுனது நீயாமே. இஞ்ச வந்து எனக்கும் காட்டித்தா."

வருகேன் அப்பா என்றேன். முதலில் அந்தப் பெட்டியைத் தேட வேண்டும்.