அம்மா கேட்ட வேறு தாள்

தொட்டாலே வலித்த என் அம்மாவுக்கு,

நம் தெரு முனைக் கரண்ட் கம்பத்தில் உன் படம் தொங்குகிறது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. திருப்பூரிலிருந்து வரும்போது அண்ணன் ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தான். உன் ஆதார் அட்டைப் படத்துக்குப் பின்னால் நீ பார்த்தே இராத ஓர் அருவி விழுகிறது. கீழே பெரிய எழுத்தில் 'ஓய்வறியா உழைப்பாளி' என்று போட்டிருக்கிறது.

ஓய்வை நீ அறியாமலா இருந்தாய்? வாழ்நாளெல்லாம் கேட்டுக் கிடைக்காமல் போன ஒன்றை ஒருத்தி எப்படி அறியாமல் இருப்பாள்? பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என்னிடமே, "ஒரு பத்து நிமிசம் சாஞ்சுக்கிடட்டா தாயி" என்று அனுமதி கேட்டவள் நீ.

வாசகம் எழுதித் தரச் சொல்லி முதலில் என்னிடம்தான் கேட்டார்கள். வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதானே. 'வலியோடு வாழ்ந்து வலியோடு போன எங்கள் அம்மா' என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா அதை அண்ணனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "இதப் போட்டா, நாம பாக்காம விட்டுட்டோம்னுலா ஊரு நெனைக்கும்" என்றார். அதுதானே நடந்தது என்ற பதில் என் நாக்கு நுனி வரை வந்தது. உனக்குத் தெரியும், எனக்கு எதுவும் நாக்கு நுனி வரைதான் வரும்.

அம்மா, எனக்கு உடம்பு சரியில்லை. எட்டு மாதமாக உடம்பு முழுக்க வலி. காலையில் எழுந்தால், விடிய விடியச் சோளத்தட்டை சுமந்தவள் போல எழுந்திருக்கிறேன். இ-சேவை மையத்தில் கீபோர்டு தட்டும்போது விரலில் தொடங்கித் தோளுக்கு ஏறும். மறுநாள் தோளை விட்டுவிட்டு இடுப்பில் உட்கார்ந்துகொள்ளும். வருமானச் சான்றிதழுக்கு வந்த ஒரு பெரியவரின் பெயரை மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் மறந்துபோனது.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். வேறு நோய் எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ள ரத்தம் எடுத்துப் பார்த்தார். எங்கெங்கே வலிக்கிறது, எத்தனை மாதமாக, தூங்கி எழுந்தால் தெளிச்சியாக இருக்கிறதா என்று நிதானமாகக் கேட்டார். பிறகு ஒரு பெயர் சொன்னார். ஃபைப்ரோமயால்ஜியா.

"நீ சொல்றது பொய்யில்லம்மா, வலி நெஜம்தான்" என்பதுதான் அவர் அடுத்துச் சொன்னது. நான் கேட்காமலேயே சொன்னார். எத்தனை பேர் அவர் முன்னால் உட்கார்ந்து அதற்காக அழுதிருப்பார்களோ? எலும்பிலோ சதையிலோ கோளாறு இல்லையாம். அதனால் எக்ஸ்ரேயில் தெரியாதாம். வலியைக் கொண்டுபோகிற நரம்பும் அதை வாங்குகிற மூளையும் சின்னதையும் பெரிதாக்கிவிடுகின்றனவாம். கோயில் கொடை விழாவுக்கு மைக் செட் போட்டவன் சத்தத்தை உச்சத்தில் ஏற்றி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். பாடுகிறவன் மெதுவாகத்தான் பாடுகிறான். நமக்குத்தான் காது கிழிகிறது.

முழுவதும் போய்விடாது என்றார். மாத்திரை கொஞ்சம் தணிக்குமாம். தினமும் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும். வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு மூன்று நாள் படுக்கக் கூடாது. இதைச் சொன்னபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உடம்பு கொஞ்சம் லேசாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுத் துணி முழுவதையும் துவைத்துப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குக் கூட்டிப்போகிற தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏற முடியாமல் நீ நின்றதை நான் பார்த்ததில்லையா?

கடைசியாக டாக்டரம்மா கேட்டார். "வீட்ல வேற யாருக்காவது இப்படி இருந்துச்சா? அம்மாவுக்கு?"

"இல்ல மேடம். அம்மாவுக்கு எல்லாம் நார்மல்" என்றேன்.

அவரும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

திரும்பி வருகையில், பஸ் கயத்தாறில் நின்றது. கையில் கண்ணாடி வளையல் உரசுவது தாங்காமல் கழற்றிப் பையில் போட்டேன். போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. நீயும் இப்படித்தான் வேலை விட்டு வந்ததும் வளையலைக் கழற்றி ஜன்னலில் வைப்பாய். "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், இவ மொட்டக் கையோட நிக்கா" என்று உன்னோடு தீப்பெட்டியில் குச்சி அடைக்கிறவர்கள் பேசினார்கள். நான் ஓடி வந்து கட்டிக்கொண்டால் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நிற்பாய். உனக்கு என்மேல் பிரியம் இல்லை என்றுதான் அந்த நிமிடம்வரை நினைத்திருந்தேன். வலித்ததா அம்மா? ஒரு தடவைகூடத் தள்ளிவிடாமல் எப்படிப் பொறுத்தாய்?

அப்பா உன்னைக் கேலி செய்தது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "நேத்து தோளுன்னா, இன்னைக்கு இடுப்புங்கா. வலி என்ன டவுன் பஸ்ஸா, ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நின்னு போவ?" கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் உன்னைக் கொன்ற சொல் அப்பாவுடையது இல்லை, என்னுடையது. நான் பிளஸ் ஒன் படிக்கும்போது உனக்கு ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பினார் அப்போது பார்த்த டாக்டர். சாயங்காலம் அப்பா ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்து, ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்து, "வாசி தாயி" என்றார். டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷில் சத்தமாகப் படித்துத் தமிழில் சொன்னேன். இது நார்மல். இதுவும் நார்மல். என் இங்கிலீஷை வீடே வாயைப் பிளந்து கேட்டதில் எனக்கு எவ்வளவு பெருமை.

நீ சுவரோரம் நின்றிருந்தாய். நான் முடித்ததும் மெதுவாக, "நல்லாப் பாரு தாயி. வேற தாள் எதுவும் இருக்கா?" என்று கேட்டாய்.

"எல்லாத்தையும் பாத்துட்டேம்மா. உனக்கு ஒண்ணும் இல்ல."

"படிச்ச பிள்ளையே சொல்லிட்டா. இனி நடிக்காத" என்றார் அப்பா. அதற்குப் பிறகு வலி என்ற சொல்லை நீ வாயில் எடுக்கவே இல்லை. போன வருடம் அந்தக் காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டே அடுப்படியில் நின்றாய். நான் பார்த்தேன். நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மத்தியானம் வேலைக்கு நடுவே சாய்ந்துவிட்டாய் என்று தகவல் வந்தது.

இப்போது அப்பாவைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு வெந்நீர் வைத்துத் தருகிறார். குடத்தைத் தொட விடுவதில்லை. வருகிறவர்களிடம், "எம் பிள்ளைக்கு நரம்புல வியாதி. பேரு வாய்க்குள்ள நுழைய மாட்டேங்கு. படிச்சுப் படிச்சு வந்தது" என்கிறார். படித்த மகளுக்கு வந்தால் வியாதி, படிக்காத பெண்டாட்டிக்கு வந்தால் நடிப்பு. அந்த வெந்நீரில் குளிக்கும்போது வலி குறைகிறது அம்மா. குறைவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வருகிற வியாழக்கிழமை மறுபடி டாக்டரம்மாவிடம் போகிறேன். என் வலியைப் பற்றிப் பிறகுதான் பேசுவேன். "போன தடவை தப்பாச் சொல்லிட்டேன் மேடம், எங்க அம்மாவுக்கு இருந்துச்சு" என்று முதலில் சொல்வேன். நேரில் பார்க்காத உனக்கு வந்தது இதேதான் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும். சோதித்துப் பார்க்க நீ இல்லை. ஆனாலும் அந்த 'இல்லை'யை அடித்துவிட்டு, 'தாய்க்குப் பல வருடங்களாக உடல் முழுதும் வலி இருந்தது' என்று எழுதச் சொல்வேன். எழுதி முடிக்கும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவருவேன். அப்பாவையும் அண்ணனையும் உட்காரவைத்து, அதே டியூப் லைட்டுக்குக் கீழே, அன்றைக்குப் படித்த அதே சத்தத்தில் படிப்பேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும். நீ கேட்ட வேறு தாள் அதுதான் அம்மா. நான்தான் சரியாகப் பார்க்கவில்லை.

உன் ரிப்போர்ட்டைப் படித்த மகள்,
மாரி