கனமான தட்டில் இல்லாத கீறல்

அன்புள்ள லூர்து,

மேலே எல்லாரும் சௌக்கியமா? ரெட்டியார்பாளையத்தில் உன் வீடு மட்டும்தான் பூட்டிக் கிடக்கிறது. உன் ஸ்டெல்லா போன வாரம் மகளோடு இருக்கப் பாரிஸ் போய்விட்டாள்.

பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து நீ ஓய்வு பெற்று வந்தபோது, சொந்தமெல்லாம் ஒயின் பாட்டிலை எதிர்பார்த்தது. நீ பெட்டி நிறைய இசைத்தட்டு கொண்டு வந்தாய். ஊரே சிடிக்கு மாறிய பிறகும் விடவில்லை. அதுவும் கனமான தட்டாகத் தேடி வாங்கினாய். உள்ளங்கையில் ஏந்தி, "கையில கனம் தெரியணும்டா. அப்பதான் சத்தம் ஆழமா இருக்கும்" என்பாய். "மெல்லிசுலதான்டா இனிமை. நீ வாங்குறது பாட்டா, பூசணிக்காயா?" என்பேன் நான். மீன்காரம்மா தராசில் ஒன்றை நிறுத்துப் பார்த்தாயே, அதற்குப் பிறகு அந்தக் காதல் பாட்டெல்லாம் வஞ்சிரம் வாசம் அடித்தது ஞாபகம் இருக்கிறதா?

ஸ்டெல்லா கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டி கட்ட உதவப் போனேன். உதவி என்றால், உட்கார்ந்து யோசனை சொல்வது. விமானக்காரன் கொடுத்த எடைக்குள் ஊறுகாயும் கருவாடும் அடங்கியதும், ஒரே ஒரு தட்டுக்குத்தான் இடம் மிஞ்சியது. ஸ்டெல்லா இரண்டை எடுத்து வைத்தாள். இரண்டிலும் அதே பாட்டுகள். ஒன்று, கல்யாணமான புதிதில் நீ வாங்கிய மெல்லிய தட்டு. இன்னொன்று, அதையே கனமாகப் போட்டிருக்கிறார்கள் என்று பிறகு வரவழைத்தது.

"உங்க ரெண்டு பேரு சண்டைய இன்னிக்கே முடிச்சிடலாம்ண்ணே. அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரே பாட்டின் தொடக்கத்தை இரண்டிலும் போட்டாள். "ரெண்டாவதுதான் மெல்லிசு. என்னா இனிமை, பாத்தியாம்மா?" என்றேன். திரும்பினால், சுழன்றுகொண்டிருந்தது உன் பூசணிக்காய்.

ஜெயித்துவிட்டோம் என்று அங்கே குதிக்காதே. அவள் பெட்டியில் வைத்தது மெல்லிய தட்டை.

"ஏம்மா, அதுதான் நல்லாருக்குன்னு என் வாயாலயே சொல்லிட்டேனே?"

"அதுல கீறல் இல்லண்ணே. இதுல ஊசி சிக்கி ஒரே வரிய ரெண்டு வாட்டி பாடும். அவரும் ஷேவ் பண்ணிக்கிட்டே ரெண்டு வாட்டி பாடுவாரு. அப்படித்தான் எனக்கு இந்தப் பாட்டு தெரியும்."

இத்தனை வருஷம் நாம் இரண்டு பேரும் எதைப் போட்டு நிறுத்துக்கொண்டிருந்தோம், லூர்து?

மிச்சத் தட்டெல்லாம் இப்போது என் அலமாரியில். பலகை ஒன்று விரிசல் விட்டுவிட்டது. கனம் முக்கியம்தான், தச்சருக்கு.

கல்லறைத் திருநாளுக்கு இந்த முறை நான் வருகிறேன். சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, அந்தப் பாட்டைப் பாடியும் காட்டுகிறேன். பக்கத்துக் கல்லறைக்காரர்களிடம் இப்போதே மன்னிப்புக் கேட்டு வை. உன் கனமான தட்டைப் போட்டுத்தான் பாடம் பண்ணுகிறேன். அதில் கீறல் இல்லை. பரவாயில்லை, அந்த வரி வந்ததும் நானே இரண்டு தடவை பாடிவிடுகிறேன்.

உன் மகளுக்கு ஞானத்தகப்பனும்
உனக்கு ஆயுசுக்கும் சண்டைக்காரனுமான,
ஆரோக்கியம்